ஒற்றை மரணங்களின் கோப்புகள்

தமிழ்நாட்டின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் கட்டுமான விபத்துகளை விசாரிக்கும் அலுவலர்களுக்கு,



2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டி முடியும் தறுவாயில் இருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஆர். ரெகுபதி தலைமையில் அரசு ஆணையம் அமைத்தது. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்பு வளைவுச் சாரம் சரிந்து, அசாமிலிருந்து பிழைக்க வந்த 9 பேர் இறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. இத்தகைய மரணங்களுக்குத் தலைப்புச் செய்தி உண்டு, நிவாரணம் உண்டு, குழு உண்டு. இந்த மடல் அவற்றைப் பற்றியதல்ல. லிஃப்ட் குழிக்குள் விழுந்த பெயிண்டர், கடைக்கால் தோண்டும்போது மண் மூடிய கூலியாள், நீளக் கம்பியைத் தூக்கித் திருப்பியபோது மேலே போன மின்கம்பியைத் தொட்டுவிட்ட கம்பி கட்டுபவர், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடைந்து கீழே வந்த மேற்கூரைத் தொழிலாளி என்று ஒவ்வொருவராகச் சாகிறவர்களைப் பற்றியது. அவர்களுக்கு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரி கிடைக்கும். உங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பு கிடைக்கும். அந்தக் கோப்புகளை ஒன்றாக வைத்துப் படியுங்கள், படித்ததை வெளியிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

இந்த ஒற்றை மரணங்களைச் சட்டமே கீழ்ப்படியில் வைத்திருந்தது. உங்களுக்கு அது தெரியும். பொதுவில் பலருக்குத் தெரியாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி, ஆலைக்குள் ஒரே ஒருவர் இறந்தாலும் தகவல் வந்த ஒரு மாதத்துக்குள் விசாரணை நடத்தியே தீர வேண்டியிருந்தது. அதற்கான 88ஆம் பிரிவில் எண்ணிக்கை வரம்பு எதுவும் இருக்கவில்லை. 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டமோ, 39ஆம் பிரிவில், விபத்தைத் தெரிவிக்கும் கடமையை வேலை கொடுத்தவர் மீது வைத்துவிட்டு, விசாரணையைக் கட்டாயமாக்கும்போது மட்டும் ஐந்து பேரோ அதற்கு மேலோ இறந்த விபத்துகள் என்று கோடு போட்டது. நான்கு பேர் இறந்தால் விசாரிக்கலாம், விசாரிக்காமலும் இருக்கலாம். தறியில் செத்தவருக்கு ஒரு நியாயம், சாரத்தில் செத்தவருக்கு வேறொரு நியாயம் என்று சுமார் முப்பது ஆண்டுகள் போய்விட்டன. 2020இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இந்த வேறுபாட்டைக் களைந்து, எந்த மரணத்துக்கும் விசாரணை வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் விசாரணைகளின் எண்ணிக்கை கூடுவதாலேயே மரணங்கள் குறைந்துவிடாது. விசாரணையில் என்ன கேட்கிறோம், கேட்டதை வைத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் மற்றதெல்லாம் இருக்கிறது.

இன்று ஒரு கட்டடத் தொழிலாளி இறந்தால் அவரைப் பற்றிக் குறைந்தது ஐந்து இடங்களில் காகிதம் சேர்கிறது. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையும் பிரேத விசாரணைக் குறிப்பும். அரசு மருத்துவமனையில் உடற்கூறாய்வு அறிக்கை. உங்களிடம் விபத்து விசாரணைக் கோப்பு. இழப்பீட்டு வழக்கு நடந்தால் அதற்கான ஆணையரிடம் ஒரு கோப்பு. குடும்பம் உதவித்தொகை கேட்டால் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் ஒரு மனு. ஒவ்வொன்றும் தன் கேள்விக்கு மட்டும் பதில் தேடுகிறது. காவல் துறைக்கு யார் மீது வழக்கு என்பது வேண்டும். மருத்துவருக்கு எந்தக் காயத்தால் உயிர் போனது என்பது வேண்டும். ஆணையருக்கு வயதும் சம்பளமும் வேண்டும், வாரியத்துக்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இவை எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் அடுத்த தளத்தில் அடுத்த ஆள் சாகாமல் இருக்க என்ன மாற வேண்டும் என்ற கேள்விக்கு இந்த ஐந்தில் எதுவும் பொறுப்பில்லை. கோப்புகள் ஒன்றையொன்று சந்திப்பதும் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் தரும் விபத்து மரணப் புள்ளிவிவரத்தில் உயரத்திலிருந்து விழுந்தவர்கள், மின்சாரம் தாக்கியவர்கள், கட்டடம் இடிந்து இறந்தவர்கள் என்று தலைப்புகள் இருக்கின்றன. மொட்டை மாடியில் பட்டம் விட்ட சிறுவனும் ஏழாவது மாடிச் சாரத்தில் நின்ற கொத்தனாரும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

உங்கள் கோப்புகளிலாவது அந்தக் கேள்விக்கு இடம் இருக்கிறதா? உயரத்திலிருந்து விழுந்த மரணத்தை எடுத்துக்கொள்வோம். "சேஃப்டி பெல்ட் அணியவில்லை" என்று எழுதினால் விசாரணை முடிந்ததாகத் தோன்றும். அவர் பெல்ட் அணிந்திருந்தால் அதன் கொக்கியை எதில் மாட்டியிருப்பார்? சவுக்குக் கட்டையில் கயிறு கட்டிய சாரத்தில், விழும் மனிதனின் எடையைப் பிடித்து நிறுத்தக்கூடிய பிடிப்பு ஏதும் இருக்காது. சுவரை ஒட்டித் தனியே லைஃப் லைன் கயிறு கட்டப்படவில்லை என்றால், பெல்ட் இடுப்பில் வெறும் சுமைதான். பலகை விழுந்து சென்ட்ரிங் சரிந்த விபத்தில், கான்கிரீட் போட்ட தேதியும் முட்டு பிரித்த தேதியும் கோப்பில் இருக்க வேண்டும். 4.5 மீட்டர் வரையிலான ஸ்லாபுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு நிற்க வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 456 சொல்கிறது, வாடகைக்கு எடுத்த தகடுகளை நாலாம் நாளே திருப்பித் தரச் சொல்லும் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. மண் சரிவில் குழியின் ஆழம், பக்கத்தில் குவித்த மண் எவ்வளவு தூரத்தில் இருந்தது, முந்தைய நாள் மழை பெய்ததா என்பவை வேண்டும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை கொண்டது. மார்பு வரை புதைந்தவர் மூச்சு விடுவதற்கே இடம் இருக்காது. 1.5 மீட்டருக்கு மேல் தோண்டினால் பக்கவாட்டில் முட்டுக் கொடுக்க வேண்டும் என்று தரக் குறியீடு எப்போதோ எழுதி வைத்துவிட்டது. 2024 பிப்ரவரியில் உதகை அருகே லவ்டேலில் கட்டுமானத்துக்காக மண் தோண்டியபோது பக்கத்தில் இருந்த பழைய கழிப்பறைக் கட்டடம் சரிந்து 6 பெண்கள் இறந்தார்கள். மலைச் சரிவில் பழைய கட்டடத்தின் அடியில் மண்ணைத் தொடும்போது என்ன ஆகும் என்பதை நீலகிரியின் முந்தைய கோப்புகள் அதற்கு முன்பே சொல்லியிருக்கக்கூடும். யாராவது அவற்றை ஒன்றாக அடுக்கிப் பார்த்திருந்தால்.

ஒன்றாக அடுக்குவதில் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் தொழில் பாதுகாப்புக்கான தேசிய ஆய்வு நிறுவனமான நியாஷ், 1982இல் 'ஃபேஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. வேலையிடத்தில் நேர்ந்த மரணங்களில் சில வகைகளைத் தேர்ந்து, விபத்து நடந்த இடத்துக்கே போய், நடந்ததைச் சில பக்கங்களில் எழுதி வெளியிடுவார்கள். இறந்தவரின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் அதில் இருக்காது. தண்டிப்பது அவர்கள் வேலையும் அல்ல. 1986இல், தொட்டி, குழி, குழாய் போன்ற மூடிய இடங்களில் நேர்ந்த மரணங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டார்கள். அதில் இருந்த ஒரு தகவல் பலரை உலுக்கியது: இப்படி இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள், உள்ளே மயங்கிக் கிடந்தவரைக் காப்பாற்ற இறங்கியவர்கள். தனியாக ஒரு கோப்பைப் படிப்பவருக்கு அது ஒரு துயரமான தியாகக் கதை. பல கோப்புகளைச் சேர்த்துப் படிப்பவருக்கு அது தடுப்பு முறை: முதல் ஆளைக் காப்பாற்றும் ஏற்பாடு மேலே தயாராக இல்லாமல் யாரையும் உள்ளே அனுப்பாதே. 1989இல் இதே நிறுவனம், கூரையில் வெளிச்சத்துக்காகப் பதிக்கும் மெல்லிய தகடுகளின் வழியாக விழுந்து இறப்பவர்களைப் பற்றித் தனியே எச்சரித்தது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடைந்து விழும் நம்மூர் மரணங்களுக்கு அது அப்படியே பொருந்தும்.

தொட்டி மரணங்களில் நமக்கே உரிய ஒரு வகை இருக்கிறது. புதிதாகக் கட்டிய செப்டிக் டேங்க். அதில் இன்னும் ஒரு சொட்டுக் கழிவு விழவில்லை. மேல்மூடியின் கான்கிரீட் இறுகுவதற்காகச் சில வாரங்கள் வாயை மூடி வைத்திருப்பார்கள். பிறகு சென்ட்ரிங் பலகைகளைப் பிரிக்க ஒருவர் இறங்குவார், மயங்குவார்; அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரும் மயங்குவார். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஆந்திரத்திலும் இது திரும்பத் திரும்பச் செய்தியாக வந்திருக்கிறது. "விஷவாயு தாக்கி" என்று எழுதிவிடுகிறோம். கழிவே இல்லாத தொட்டியில் வாயு எங்கிருந்து வரும் என்று இறங்குகிறவர் நினைப்பது இயல்பு. ஈரத்தில் ஊறிய மரப்பலகை மக்கும்போது மூடிய தொட்டிக்குள் இருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. கரியமில வாயு அடியில் தேங்குகிறது. சாதாரணக் காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் பத்துக்குக் கீழே போனால் நினைவு தப்ப நேரம் பிடிக்காது. நாற்றம் இல்லை, எரிச்சல் இல்லை, எச்சரிக்கையே இல்லை. இந்த உண்மை மேஸ்திரிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்குச் சொல்லக்கூடிய தகவல் உங்கள் கோப்புகளிலும் காவல் நிலையக் கோப்புகளிலும் மாவட்டத்துக்கு ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடக்கிறது.

சுற்றுச்சுவர் இன்னொரு வகை. மௌலிவாக்கம் சரிந்து பத்து நாள் ஆவதற்குள், 2014 ஜூலை 6 அன்று, செங்குன்றம் அருகே கிடங்கு ஒன்றின் உயரமான சுற்றுச்சுவர் மழையில் சரிந்து, அதை ஒட்டிக் குடிசை போட்டிருந்த 11 பேர் இறந்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 2019 ஜூன் 29 அன்று, புனேயின் கோந்த்வாவில் அதே மழைக்காலத் தொடக்கத்தில், அதே போலச் சுவர் சரிந்து, அதை ஒட்டியிருந்த தொழிலாளர் குடிசைகளில் 15 பேர் இறந்தார்கள். இரண்டு ஊர், இரண்டு மாநிலம். ஆனால் தண்ணீர் வடியத் துளையில்லாத சுவர் பின்னால் ஊறிய மண்ணைத் தாங்க முடியாமல் சாய்வது, அந்தச் சுவரையே முதுகாக வைத்துத் தொழிலாளர் குடியிருப்பு போடுவது என்ற சேர்க்கை பொறியாளர்களுக்குப் புதிதல்ல. செங்குன்றத்து விபத்திலிருந்து "சுவருக்கும் கொட்டகைக்கும் இடையே இவ்வளவு தூரம் வேண்டும்" என்ற ஒரு வரி நாடு முழுக்கப் போயிருந்தால் கோந்த்வாவில் என்ன நடந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த வரி போகவில்லை என்பதை மட்டும் சொல்ல முடியும்.

மரணக் கோப்புகளைச் சேர்த்துப் படிப்பதெல்லாம் வெளிநாட்டு வசதிகள், நமக்கு ஒத்துவராது என்று சொல்பவர்களுக்கு, இந்த மாநிலமே செய்து காட்டிய ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். பிரசவத்தின்போதும் அதையொட்டியும் இறக்கும் தாய்மார்களின் மரணத்தை ஒவ்வொன்றாகத் தணிக்கை செய்யும் வழக்கத்தை 1990களிலேயே தமிழ்நாடு தொடங்கியது. மரணம் உடனே தெரிவிக்கப்பட வேண்டும். கிராம சுகாதார செவிலியர் முதல் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வரை பதில் சொல்ல வேண்டும். மாவட்ட ஆட்சியர் அமரும் கூட்டத்தில் இறந்தவரின் உறவினரும் உட்கார்ந்து நடந்ததைச் சொல்வார். மருத்துவமனைக்குப் போக முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டார்கள். ரத்தப்போக்கு, மிகை ரத்த அழுத்தம் என்று காரணங்கள் வரிசையாகத் தெரிய வந்தன. இருபத்துநான்கு மணி நேரமும் அறுவைச் சிகிச்சையும் ரத்தமும் கிடைக்கும் சீமாங்க் மையங்கள் வளர்ந்தன. 2010–12இல் உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 90 ஆக இருந்த தாய் இறப்பு விகிதம் 2018–20இல் 54 ஆனது. அப்போது இந்திய அளவு 97. தணிக்கை மட்டுமே இதைச் செய்யவில்லை. சாலைகள், பெண் கல்வி, 108 ஆம்புலன்ஸ், எல்லாம் சேர்ந்தது. ஆனாலும் எதைச் செய்ய வேண்டும் என்று காட்டியதில் அந்தக் கோப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு தாயின் மரணத்தை இத்தனை பேர் உட்கார்ந்து படிக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, ஒரு சித்தாளின் மரணத்தைப் படிக்கவும் தெரியும்.

சிங்கப்பூரையும் சொல்ல வேண்டும். அங்கே சாரத்தில் நிற்பவர்களில் பலர் நம் ஊர்க்காரர்கள். 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலை அருகே சுரங்க ரயிலுக்காகத் தோண்டிய பள்ளத்தின் தாங்கு கட்டமைப்பு நொறுங்கி 4 பேர் இறந்தார்கள். நான்கு பேர்தான். நம்முடைய 1996 சட்டத்தில் அது கட்டாய விசாரணைக்குக்கூட எட்டியிருக்காது. அங்கே விசாரணைக் குழு அமைத்து, தாங்கு உத்தரங்களின் இணைப்பு வடிவமைப்பில் இருந்த பிழையையும், அளவீட்டுக் கருவிகள் முன்கூட்டியே காட்டிய எச்சரிக்கைகள் புறக்கணிக்கப்பட்டதையும் வெளிக்கொண்டுவந்தார்கள். 2006இல் புதிய வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு உயிர்ப்பலி விபத்துகள் நடந்த சில நாட்களிலேயே, பெயர்கள் இல்லாமல், நடந்தது என்ன, மற்ற தளங்கள் உடனே எதைச் சரிபார்க்க வேண்டும் என்று சிறு குறிப்பு வெளியிடும் பழக்கம் ஊன்றியது. 2004இல் ஒரு லட்சம் தொழிலாளருக்கு 4.9 ஆக இருந்த வேலையிட மரண விகிதம் 2019இல் 1.1 ஆனது. 2022இல் 46 பேர் இறந்து நிலைமை மோசமானபோது, அதையும் மறைக்கவில்லை; கண்காணிப்பை இறுக்கினார்கள். பட்டுக்கோட்டையிலிருந்து போன ஒருவர் சிங்கப்பூரில் இறந்தால் அந்த விபத்திலிருந்து அங்கே ஒரு பாடம் வெளியாகிறது. அவருடைய தம்பி சிறுசேரியில் இறந்தால் கோப்பு அலமாரிக்குப் போகிறது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். தொழிலாளியின் கவனக்குறைவுதான் பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம், அதில் கற்க என்ன இருக்கிறது என்பது அடிக்கடி கேட்கும் வாதம். மனிதர்கள் தவறு செய்கிறார்கள் என்பது உண்மை. காலை ஆறு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, வெயிலில் பத்து மணி நேரம் நின்றவர் ஒரு கணம் தவறுவார். அவர் தவறும் அந்தக் கணத்தில் லிஃப்ட் குழிக்குக் குறுக்கே கம்பித் தடுப்பு இருந்ததா என்பதே கேள்வி. தவறுவது எல்லாத் தளத்திலும் நடக்கிறது. தடுப்பு இருக்கும் தளத்தில் அவர் முட்டியில் அடிபட்டு வீடு திரும்புகிறார், இல்லாத தளத்தில் இறக்கிறார். கவனக்குறைவு என்று எழுதி முடிக்கப்பட்ட கோப்புகளை மட்டும் தனியே எடுத்துப் படித்தாலே, அந்தக் கவனக்குறைவுகள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலும், மேற்பார்வையாளர் இல்லாத நேரத்திலும், ஒடியாவோ இந்தியோ மட்டும் தெரிந்தவரிடம் தமிழில் உத்தரவு போட்ட இடத்திலும் கூடுகின்றனவா என்பது தெரிந்துவிடும். கூடவில்லை என்றால் அதுவும் நமக்குத் தெரிய வேண்டியதே. இப்போது எதுவும் தெரியாமல் தொழிலாளியைக் குற்றம் சாட்டுகிறோம்.

வழக்கு நடக்கும்போது விவரத்தை எப்படி வெளியிடுவது என்று நீங்கள் கேட்கலாம். இது கனமான கேள்வி. அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும்; அதுவரை எதையும் சொல்லக்கூடாது என்றால் பாடம் எப்போதும் தாமதமாகத்தான் வரும். விமானத் துறை இதற்கு வழி கண்டிருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, குற்றத்தையோ பொறுப்பையோ சுமத்துவது அல்ல என்று வெளிப்படையாகச் சொல்கிறது; குற்ற விசாரணை தனிப்பாதையில் போகிறது. அதே பிரிப்பு இங்கும் வேண்டும். ஊர், நிறுவனம், ஆள் பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ஆழம், உயரம், நேரம், கருவி, கட்டியிருந்த முறை, இல்லாமல் போன தடுப்பு ஆகியவற்றை மட்டும் எழுதினால் எந்த நீதிமன்றத்தின் தீர்ப்பும் பாதிக்கப்படாது. தொழிற்சங்கத்தினருக்கு இதில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் அச்சம் இருக்கும்: பெயரை மறைத்தால் திரும்பத் திரும்ப ஆளைக் கொல்லும் ஒப்பந்தக்காரர் தப்பிவிடுவாரே என்று. அந்த அச்சம் சரியானது. அதனால்தான் கற்றல் அறிக்கை வழக்குக்கு மாற்றாக ஒருபோதும் இருக்கக்கூடாது என்கிறேன். தண்டனை உறுதியான பிறகு நிறுவனத்தின் பெயரை வெளியிட வேண்டும். அரசு ஒப்பந்தம் கோரும்போது அது கணக்கில் வர வேண்டும். ஆனால் அந்த நாள் வரும்வரை மற்ற தளங்களில் உள்ளவர்கள் அறியாமையில் இருக்கத் தேவையில்லை.

ஆள் பற்றாக்குறை என்ற பதிலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆலைகள், பட்டாசுத் தொழிற்சாலைகள், கட்டுமானத் தளங்கள் எல்லாம் உங்கள் தோளில்தான் இருக்கின்றன. இருந்தாலும் நான் கேட்பது நூறு பக்க ஆணைய அறிக்கை அல்ல. ஏற்கெனவே எழுதும் கோப்பிலிருந்து, முன்கூட்டி ஒப்புக்கொண்ட ஒரே வடிவத்தில் ஒரு பக்கம். தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது. சில கிலோமீட்டரில் அண்ணா பல்கலைக்கழகமும் ஐ.ஐ.டி.யும் இருக்கின்றன. பெயர் நீக்கிய கோப்புகளைத் தொகுத்து, வகைபிரித்து, ஆண்டுக்கொருமுறை அறிக்கை எழுதும் வேலையை அவர்களுடன் பகிர்ந்துகொள்ளலாம். இதைவிடக் கடினமான தடை, கோப்பே உருவாகாத மரணங்கள். பத்துத் தொழிலாளருக்குக் குறைந்த இடங்களும், பத்து லட்சத்துக்கு மிகாமல் சொந்த வீடு கட்டுபவரும் 1996 சட்டத்தின் எல்லைக்கு வெளியே இருந்தார்கள். சிறு நகரங்களில் மேஸ்திரி ஒருவர் நான்கு ஆளை வைத்து எழுப்பும் வீடுகளில் நடக்கும் மரணம் உங்கள் மேசைக்கு வந்ததே இல்லை. ஆனால் அது பிரேதக் கிடங்குக்கு வருகிறது. அரசு மருத்துவமனையில் உடற்கூறாய்வுக்கு வரும் ஒவ்வொரு உடலுக்கும், இறந்தது வேலை செய்யும்போதா, என்ன வேலை என்று ஒரே ஒரு கேள்வியைக் கூடுதலாகப் பதிவுசெய்து, ஆம் என்றால் உங்களுக்குத் தகவல் அனுப்பச் செய்தால் போதும். ஜார்க்கண்டுக்கும் ஒடிசாவுக்கும் அவசர அவசரமாக அனுப்பப்படும் உடல்களும் அந்த வாசல் வழியாகத்தான் போகின்றன. வெளியிட்டால் முதலாளிகள் மரணத்தை மறைப்பார்கள் என்பதற்கும் இதுவே பதில். தகவல் அவர்களிடமிருந்து மட்டுமே வர வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க முடியாது என்றால், செப்டிக் டேங்கிலிருந்து தொடங்குங்கள். கடந்த பத்து ஆண்டுகளில் புதிய தொட்டியில் சென்ட்ரிங் பிரிக்க இறங்கி இறந்தவர்களின் கோப்புகளை எல்லா மாவட்டங்களிலிருந்தும் வரவழையுங்கள். காவல் துறையிடமும் தீயணைப்புத் துறையிடமும் இருப்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தொட்டி எத்தனை நாள் மூடியிருந்தது, திறந்த பிறகு எவ்வளவு நேரம் கழித்து இறங்கினார்கள், எத்தனை பேர் காப்பாற்றப் போய் இறந்தார்கள், இடுப்பில் கயிறு இருந்ததா என்பவற்றைக் கணக்கெடுங்கள். அதிலிருந்து தெரிவதைத் தமிழ், இந்தி, ஒடியா, வங்காளி, தெலுங்கு மொழிகளில் படத்துடன் ஒரு தாளில் அச்சடியுங்கள். அந்தத் தாள் போக வேண்டிய இடம் பெரிய பில்டரின் அலுவலகம் அல்ல. சொந்த வீடு கட்டுபவரும் சின்ன மேஸ்திரியும் பலகையும் முட்டும் எடுக்க ஏறி இறங்கும் சென்ட்ரிங் வாடகைக் கடைகள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றன. ஆய்வாளர் எட்டிப் பார்க்காத தளங்களுக்கும் பலகை அங்கிருந்துதான் போகிறது. பலகையைத் திருப்பித் தரும் தேதியை எழுதும் அதே ரசீதின் பின்பக்கத்தில் அந்த எச்சரிக்கை அச்சாகட்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இதைச் செய்து முடித்து, எத்தனை கோப்புகளைப் படித்தீர்கள், அவற்றில் என்ன கண்டீர்கள் என்பதை எண்ணிக்கையோடு வெளியிடுங்கள். சுற்றுச்சுவரையும் மண் சரிவையும் அடுத்த ஆண்டுக்கு எடுத்துக்கொள்ளலாம்.